கோட்பாட்டு இயற்பியலில் பிஎச்.டி.: நேராகச் சேர்வதா, முதுகலை முடித்துப் போவதா, பணியாகச் சேர்வதா?

கோட்பாட்டு இயற்பியலில் ஆராய்ச்சி செய்வது என்று முடிவெடுத்த மாணவர்கள் முதலில் கேட்பது, "எந்தெந்தப் பல்கலைக்கழகத்துக்கு அப்ளை பண்ணலாம்?" என்பதைத்தான். பட்டியல் போடுவது கடைசியில் செய்யவேண்டிய வேலை. அதற்கு முன்னால் எந்த வகை பிஎச்.டி. தனக்குச் சரிப்படும் என்று தெரிந்தாகவேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டத்தோடு நேராகச் சேர்ந்து ஐந்தாறு வருடம் படிப்பது ஒரு வழி. முதுகலையை முடித்துவிட்டு, ஐரோப்பாவில் விளம்பரம் செய்யப்பட்ட ஆராய்ச்சிப் பணியிடம் ஒன்றில் மூன்று நான்கு வருடத்துக்குச் சேர்வது இன்னொரு வழி. இரண்டுக்கும் நடுவே, கோட்பாட்டுக்கென்றே நடத்தப்படும் ஒரு வருட முதுகலைப் படிப்பை முடித்துக்கொண்டு, பிறகு எங்கே போவது என்று பார்ப்பது மூன்றாவது. மூன்றும் ஒரே பட்டத்தில்தான் போய் முடிகின்றன. ஆனால் சேர்க்கையை யார் முடிவு செய்கிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது, படித்து முடிக்கும்போது கையில் என்ன இருக்கும் என்பதெல்லாம் வேறு வேறு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பிரிவில், யாரோடு வேலை செய்யப்போகிறோம் என்பது இன்றைய தேதியில் எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதை வைத்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்கவேண்டும். நாடும் பல்கலைக்கழகத்தின் பெயரும் அதற்கு அடுத்தபடிதான்.

கோட்பாட்டுத் துறையில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. ஆய்வுக்கூடம் நடத்தும் பேராசிரியருக்கு ஆள் தேவைப்படுகிறது. கருவியை நிறுவ, அளவீடு எடுக்க, தரவை அலச மாணவர்கள் வேண்டும். அதற்கான பணமும் அவருடைய நிதியிலேயே இருக்கும். கோட்பாட்டாளருக்குக் கிடைக்கும் நிதி அதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. புதிதாக வரும் மாணவர் முதல் இரண்டு வருடம் கற்றுக்கொண்டுதான் இருப்பார். அந்தக் காலத்தில் பேராசிரியர் தன் நேரத்தைத்தான் அவருக்குக் கொடுக்கவேண்டியிருக்கும். அதனால் ஒருவர் சில வருடங்களில் ஒரு மாணவரை எடுப்பார், சில வருடங்களில் யாரையுமே எடுக்கமாட்டார். மறுபக்கம், கருந்துளை, அண்டத்தின் தொடக்கம், இழைக் கோட்பாடு என்று கேட்டுத்தான் பாதிப் பேர் இயற்பியலுக்கே வருகிறார்கள். ஆசைப்படுபவர்கள் நிறைய, இடம் கொஞ்சம். இதை மனதில் வைத்துக்கொண்டு மூன்று வழிகளையும் பார்க்கலாம்.

அமெரிக்கா: முதலில் துறைக்குள், பிறகு நெறியாளர்

அமெரிக்க முறையில் சேர்க்கையைத் தீர்மானிப்பது துறையின் தேர்வுக் குழு. விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கத்துக்குள் வந்துவிடும். மதிப்பெண் பட்டியல், மூன்று பரிந்துரைக் கடிதங்கள், எஸ்.ஓ.பி. (ஏன் இந்த ஆராய்ச்சி என்று நீங்களே எழுதும் நோக்க அறிக்கை), ஆங்கிலத் தேர்வு ஆகியவை வேண்டும். இயற்பியல் ஜி.ஆர்.இ. தேர்வைப் பல துறைகள் 2020க்குப் பிறகு கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டன. சில துறைகள் அனுப்பினாலும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் அந்த வருடத்து விதியைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

உள்ளே வந்தவர் முதல் இரண்டு வருடம் பாடம் படிக்கிறார், தகுதித் தேர்வு எழுதுகிறார். கல்விக் கட்டணத்தைத் துறையே ஏற்றுக்கொள்கிறது. மாத உதவித்தொகைக்கு இளநிலை மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கவேண்டும், விடைத்தாள் திருத்தவேண்டும். இதைத்தான் டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்) என்கிறார்கள். நெறியாளரின் (ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியரின்) நிதியிலிருந்து சம்பளம் வந்தால் அது ஆர்.ஏ. (ஆராய்ச்சி உதவியாளர்). அப்போது கற்பிக்கும் கடமை இல்லை, முழு நேரமும் ஆராய்ச்சிக்கு. துகள் கோட்பாட்டுக் குழுக்களின் நிதி பெரும்பாலும் அந்த நாட்டின் எரிசக்தித் துறையிடமிருந்தோ தேசிய அறிவியல் அறக்கட்டளையிடமிருந்தோ வருகிறது. அது கைக்கு அடக்கமான தொகைதான். ஆகவே கோட்பாட்டு மாணவர்கள் சோதனை இயற்பியல் மாணவர்களைவிட அதிக காலம் டி.ஏ.வாக இருக்கும்படி ஆகிறது. விளம்பரப் பக்கங்களில் "முழு நிதியுதவி" என்ற இரண்டு சொல்லுக்குள் இந்த வித்தியாசம் மறைந்துபோகும்.

இந்த வழியின் பெரிய பலம், முடிவெடுக்கக் கிடைக்கும் அவகாசம். குவாண்டம் புலக் கோட்பாட்டை ஒழுங்காக ஒருமுறைகூடப் படிக்காமல் "நான் இழைக் கோட்பாட்டாளர்" என்று முடிவுசெய்த ஒருவர், இரண்டாம் வருடத்தில் செறிபொருள் (திட, திரவப் பொருள்களின் இயற்பியல்) கோட்பாட்டு வகுப்பில் உட்கார்ந்து மனம் மாறலாம். அந்த மாற்றத்துக்கு இந்த அமைப்பில் இடம் இருக்கிறது. இளநிலையில் பாடங்கள் சரியாக அமையாதவர்களும் இங்கே தேறி வரமுடியும்.

பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. துறை உங்களை எடுத்துக்கொண்டது என்பதற்கு, நீங்கள் விரும்பிய கோட்பாட்டுக் குழு உங்களை எடுத்துக்கொண்டது என்று அர்த்தமில்லை. ஒரே வருடத்தில் நான்கைந்து பேர் உயர் ஆற்றல் கோட்பாடு (அதாவது துகள் கோட்பாடு) என்று சொல்லிக்கொண்டு உள்ளே வருவார்கள். குழுவில் ஒரு இடம்தான் இருக்கும். மற்றவர்கள் வேறு பிரிவுக்கோ சோதனைக்கோ நகர்வார்கள். நகர்வதில் ஒன்றும் குறைவில்லை, பலருக்கு அதுவே நல்லதாக முடிந்திருக்கிறது. ஆனால் தெரிந்து நகர்வது வேறு, மூன்றாம் வருடத்தில் கதவு சாத்தப்பட்ட பிறகு நகர்வது வேறு. ஆகவே அனுமதிக் கடிதம் வந்ததும் துறைக்கு எழுதிக் கேட்கவேண்டிய கேள்வி இது: "கடந்த சில வருடங்களில் கோட்பாட்டில் ஆர்வம் சொல்லிச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் கோட்பாட்டில் இருக்கிறார்கள்?" நேராகக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. துறையிடம் கேட்டதையே அங்கே படிக்கும் மாணவர்களிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

ஐரோப்பா: பணியிடம் என்று ஒன்று வந்தால்

ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் முதுகலை இல்லாமல் பிஎச்.டி.க்குள் நுழையமுடியாது. 1999இல் கையெழுத்தான போலோன்யா உடன்பாட்டுக்குப் பிறகு மூன்று வருட இளநிலை, இரண்டு வருட முதுகலை, அதன் பிறகு ஆராய்ச்சி என்ற வரிசை பரவலாக நிலைத்துவிட்டது. பிஎச்.டி. என்பது அங்கே பல இடங்களில் ஒரு பணி. நெதர்லாந்தில் நான்கு வருட ஒப்பந்தம், சம்பளம், விடுப்பு எல்லாம் உண்டு. ஸ்வீடனில் நான்கு வருட ஆராய்ச்சியோடு கற்பிக்கும் நேரத்தையும் சேர்த்து ஐந்து வருடம் வரை போகும். பிரான்சில் முனைவர் ஒப்பந்தம் மூன்று வருடம். ஜெர்மனியில் பல்கலைக்கழகக் குழுக்கள் கொடுக்கும் பணியிடங்களோடு, மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சிப் பள்ளிகள் தனியாகச் சேர்க்கை நடத்துகின்றன. கோட்பாட்டில் முழு ஊதியத்தின் ஒரு பகுதியைக் கொடுப்பதுதான் அங்கே வழக்கம். இத்தாலியின் திரியெஸ்தே நகரிலுள்ள சிஸ்ஸா நிறுவனம் தேர்வு வைத்து மாணவர்களை எடுக்கிறது. மதிப்பெண் பட்டியல் சுமாராக இருந்து, கணக்கில் கை ஓடும் ஒருவருக்கு இது அருமையான வாய்ப்பு.

இங்கே உங்களைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் உங்கள் நெறியாளராக வரப்போகிறவர்தான். விளம்பரத்திலேயே ஆய்வுத் தலைப்பு எழுதியிருக்கும். நேர்காணலில் முதுகலை ஆய்வேட்டைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சொல்லச் சொல்வார்கள். அதன் பிறகு வரும் கேள்விகள் எளிமையாகத் தோன்றும்: "இந்தத் தோராயம் எந்த எல்லைவரை செல்லும்?" "இணைப்பு மாறிலி பெரிதானால் உங்கள் முடிவில் எது முதலில் உடையும்?" "இந்தக் குறியை மாற்றிப் போட்டிருந்தால் என்ன ஆகும்?" மனப்பாடம் செய்த உரை முதல் கேள்வியிலேயே நின்றுவிடும். தன் கணக்கைத் தானே போட்டுப் பார்த்தவர், பதில் தெரியாவிட்டாலும் பலகையில் யோசிக்கத் தொடங்கிவிடுவார். தேடுவதும் அப்படிப்பட்டவரைத்தான்.

சேர்ந்த முதல் நாளிலேயே நெறியாளர் இருக்கிறார், தலைப்பு இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. தன் பிரிவு எது என்று தெளிவாகத் தெரிந்தவருக்கு இதைவிட நேரான வழி கிடையாது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. மாணவர்கள் பொதுவாக அதை மூன்றாம் வருடத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பிஎச்.டி.க்குப் பிறகு ஆராய்ச்சியில் தொடர்வதென்றால் அடுத்தது போஸ்ட்டாக் என்ற தற்காலிக ஆராய்ச்சிப் பணி. கோட்பாட்டில் போஸ்ட்டாக் விண்ணப்பங்கள் செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் போகின்றன. வேலை தொடங்குவது அடுத்த வருடம் செப்டம்பர் அல்லது அக்டோபரில். மூன்று வருட பிஎச்.டி.யை ஒருவர் அக்டோபரில் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மூன்றாம் வருடத்தின் வாசலில் காலை வைக்கும்போதே போஸ்ட்டாக்குக்கு விண்ணப்பித்தாகவேண்டும். அதாவது அவர் காட்டக்கூடியது இரண்டு வருட வேலை. அதிலும் முதல் வருடத்தின் பெரும்பகுதி கற்றுக்கொள்வதில் போயிருக்கும். அதே அறிவிப்புக்கு, அமெரிக்காவில் ஐந்தாம் வருடமோ ஆறாம் வருடமோ இருக்கும் ஒருவரும் விண்ணப்பிக்கிறார். அவருக்குப் பின்னால் நான்கைந்து வருடங்கள் இருக்கின்றன. தேர்வுக் குழு இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முயலும். இருந்தாலும் முடித்த கட்டுரைகளும் பரிந்துரைக் கடிதத்தில் எழுத இருக்கும் விஷயமும்தான் அதிகம் பேசும்.

இதனால் மூன்று வருட பிஎச்.டி. வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று வருடத்தில் சேர்பவர் புலக் கோட்பாட்டையும் பொதுச் சார்பியலையும் ஏற்கெனவே கரைத்துக் குடித்திருக்கவேண்டும், முதுகலை ஆய்வேடாவது ஒரு கட்டுரையாக வந்திருந்தால் நல்லது என்கிறேன். நான்கு வருட ஒப்பந்தமும் மூன்று வருட ஒப்பந்தமும் கையில் இருந்து, நெறியாளர்கள் இருவரும் சமமாகத் தோன்றினால், யோசிக்காமல் நான்கை எடுங்கள்.

நடுவில் ஒரு வருடம்

கேம்பிரிட்ஜின் பார்ட் த்ரீ என்ற கணித முதுகலை, கனடாவின் வாட்டர்லூவிலுள்ள பெரிமீட்டர் நிறுவனத்தின் பி.எஸ்.ஐ. என்ற முதுகலை, லண்டன் இம்பீரியல் கல்லூரியின் குவாண்டம் புலங்கள் பற்றிய முதுகலை, ஆக்ஸ்ஃபோர்டின் கணித மற்றும் கோட்பாட்டு இயற்பியல் முதுகலை, திரியெஸ்தேயிலுள்ள சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தின் (ஐ.சி.டி.பி.) டிப்ளமா ஆகியவை இந்த வகையில் நன்கு அறியப்பட்டவை. எல்லாமே ஏறக்குறைய ஒரு வருடம். உள்ளே இருக்கும் அனுபவம் மட்டும் ஒன்றுபோல் இருக்காது.

பார்ட் த்ரீயில் அக்டோபரில் தொடங்கி இரண்டு பருவங்களுக்கு விரிவுரைகள், பிறகு ஜூன் மாதத்தையொட்டித் தேர்வு. கட்டுரை ஒன்று விரும்பினால் எழுதலாம். பாடங்களின் ஆழத்துக்கும் அகலத்துக்கும் ஈடு சொல்வது கடினம். ஆனால் அது முழுக்கத் தேர்வை மையமாகக் கொண்டது. வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் அதிகம், உதவித்தொகை கிடைப்பவர்கள் சிலரே. அங்கேயே பிஎச்.டி. தொடர விரும்புபவருக்கு அந்தத் தேர்வு முடிவு வாழ்வா சாவா என்ற அளவுக்கு முக்கியமாகிவிடும். 2009இல் தொடங்கிய பி.எஸ்.ஐ. பத்து மாதம், சிறு வகுப்பு, குறுகிய காலத் தீவிரப் பாடங்கள், கூட்டாகக் கணக்குப் போடுதல், கடைசியில் ஓர் ஆய்வுத் திட்டம். போட்டி மனப்பான்மை ஒத்துவராதவர்களுக்கு இந்தச் சூழல் பிடிக்கும்.

ஐ.சி.டி.பி. டிப்ளமா பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் தகுதியுள்ள பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. அப்துஸ் சலாம் 1964இல் அந்த மையத்தை நிறுவியதே, வளரும் நாடுகளின் இயற்பியலாளர்கள் தனித்துப்போய்விடக்கூடாது என்பதற்காகத்தான். டிப்ளமாவில் சேர்பவருக்குக் கட்டணம் இல்லை. தங்கும் செலவுக்கும் பயணத்துக்கும் உதவித்தொகை உண்டு. உயர் ஆற்றல் இயற்பியல், செறிபொருள் இயற்பியல், கணிதம் என்று பிரிவுகள் இருக்கின்றன. நல்ல திறமை இருந்தும் புலக் கோட்பாடு சொல்லிக்கொடுக்க ஆளில்லாத கல்லூரியில் படித்தவருக்கு, நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

இந்த வழியில் ஒரு கண்ணி இருக்கிறது, அது காலக்கணக்கு. ஒரு வருடப் படிப்பு ஆகஸ்டிலோ அக்டோபரிலோ தொடங்குகிறது. அமெரிக்க பிஎச்.டி. விண்ணப்பம் டிசம்பரில் போகவேண்டும். அதற்குள் உங்களிடம் அங்கிருந்து ஒரு மதிப்பெண்கூட இருக்காது. மூன்று மாதம் முன்னால் அறிமுகமான பேராசிரியர் உங்களைப் பற்றி என்ன எழுதிவிடமுடியும்? ஆக அந்தப் படிப்பின் பலன் அதே வருட விண்ணப்பத்தில் ஏறக்குறைய தெரியாது. பலனை முழுதாக எடுக்க விரும்பினால், படிப்பை முடித்து அடுத்த சுற்றில் விண்ணப்பிக்கவேண்டும். அப்போது நடுவில் ஒரு வருட இடைவெளி விழும். அந்த வருடத்தை ஆய்வு உதவியாளராகவோ, முதுகலைத் திட்டத்தைக் கட்டுரையாக முடிப்பதற்கோ செலவிட முடியுமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளவேண்டும். ஐரோப்பியப் பணியிடங்களில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே விளம்பரங்கள் ஆண்டு முழுதும் வருகின்றன, வசந்த காலத்திலும் வருகின்றன.

எனவே கேட்டுக்கொள்ளவேண்டியது, "எனக்கு எது குறைகிறது?" பாடம் குறைகிறது என்றால் ஒரு வருட முதுகலை நல்ல மருந்து. பரிந்துரைக் கடிதம் குறைகிறது என்றால், விரிவுரை மட்டுமே நடக்கும் ஒரு வருடம் அதைச் சரிசெய்யாது. ஆய்வேடு கேட்கும் இரண்டு வருட முதுகலைதான் உதவும். மியூனிக்கில் லுட்விக் மாக்சிமிலியன் பல்கலைக்கழகம் நடத்தும் கோட்பாட்டு மற்றும் கணித இயற்பியல் முதுகலை, உட்ரெக்ட்டின் கோட்பாட்டு இயற்பியல் முதுகலை ஆகியவை அந்த வகை. முதுகலையையும் பிஎச்.டி.யையும் ஒரே தொடராக வைத்திருக்கும் ஆராய்ச்சி நிறுவனங்கள் சில நாடுகளில் இருக்கின்றன. பாடங்களை முடித்த பிறகு நெறியாளரைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால் அவையும் தேவையைப் பூர்த்தி செய்யும்.

பிரிவு பற்றி ஒரு வார்த்தை

ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாக வெளியிடும் ஆர்க்கைவ் தளம் 1991இல் உயர் ஆற்றல் கோட்பாட்டுக்காகத்தான் முதலில் தொடங்கப்பட்டது. இன்றும் பலர் கோட்பாடு என்றாலே அந்த ஒரு பிரிவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். செறிபொருள் கோட்பாடு, புள்ளியியல் இயக்கவியல், குவாண்டம் தகவல், லாட்டிஸ் கணக்கீடு, ஈர்ப்பலைக் கணிப்பு, உயிரியற்பியல் எல்லாம் கோட்பாடுதான். இவற்றில் பலவற்றில் நெறியாளர்கள் கூடுதலாக இருக்கிறார்கள், நெரிசலும் குறைவு. பிரிவுகளுக்கு நடுவிலுள்ள சுவரும் நாம் நினைக்கும் அளவுக்கு உயரமில்லை. மின்தடையே இல்லாத மீக்கடத்திகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த ஃபிலிப் ஆண்டர்சன் 1963இல் எழுதியது, துகள்களுக்கு நிறை எப்படி வருகிறது என்று அடுத்த வருடம் துகள் இயற்பியலில் ஹிக்ஸ், ஆங்லேர், பிரௌட் ஆகியோர் எழுதியவற்றுக்கு முன்னோடி. கென்னத் வில்சன் துகள் கோட்பாட்டில் மறே கெல்-மானிடம் பிஎச்.டி. முடித்தவர், 1982இல் அவருக்கு நோபல் கிடைத்தது நிலைமாற்றங்களைப் பற்றிய கோட்பாட்டுக்காக. இரண்டு இடத்திலும் அடியில் இருந்த கணிதம் ஒன்றுதான்.

எனவே, புலக் கோட்பாட்டின் மீதுதான் காதல், எந்தப் பொருளுக்கு அதைப் பயன்படுத்துகிறோம் என்பதில் பிடிவாதம் இல்லை என்பவர், செறிபொருள் குழுக்களையும் பட்டியலில் சேர்க்கவேண்டும். குவாண்டம் ஈர்ப்பைத் தவிர வேறெதிலும் மனம் ஒட்டாது என்பவரும் இருக்கிறார்கள். அவர்களை நான் தடுப்பதில்லை. போட்டி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு, பட்டியலைக் கொஞ்சம் நீளமாகப் போடச் சொல்வேன்.

நெறியாளரைப் பார்ப்பது எப்படி

மூன்று வழிகளுக்கும் பொதுவான வேலை இது. இதற்கு ஒரு மாலை நேரம் போதும். உயர் ஆற்றல் இயற்பியல் என்றால், அந்தத் துறையின் கட்டுரைகளைப் பட்டியலிடும் இன்ஸ்பயர் தளத்தில் பேராசிரியரின் பெயரைப் போடுங்கள். கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளைப் பாருங்கள். யாரோடு எழுதுகிறார்? அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கினால், எந்த வருடம் எங்கே இருந்தார்கள், யாரிடம் பிஎச்.டி. செய்தார்கள் என்ற விவரம் பலருக்கு அங்கேயே இருக்கும். மாணவர்களாக இருந்தவர்களைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். முடித்த பிறகு எங்கே போனார்கள்? ஒவ்வொருவரும் எத்தனை கட்டுரை எழுதினார்கள்? நெறியாளர் பெயர் இல்லாத கட்டுரை ஒன்றாவது உண்டா? அப்படி ஒன்று இருந்தால், அந்தக் குழுவில் மாணவர்களைத் தனியே யோசிக்க விடுகிறார்கள் என்பதற்கு அது நல்ல அறிகுறி.

இங்கே ஒரு விஷயத்தில் ஏமாறக்கூடாது. உயர் ஆற்றல் கோட்பாட்டில் கட்டுரையாசிரியர் பெயர்கள் அகரவரிசையில் வருவதுதான் மரபு. முதல் பெயராக இருப்பதால் அவர்தான் அதிகம் உழைத்தார் என்று கொள்ளமுடியாது. செறிபொருளில் அப்படியில்லை, வேலையைச் செய்த மாணவர் முதலிலும் நெறியாளர் கடைசியிலும் வருவது வழக்கம். பிரிவுக்குப் பிரிவு இதைத் தெரிந்துகொண்டு படிக்கவேண்டும்.

பிறகு மின்னஞ்சல். அமெரிக்கத் துறைகளில் குழுதான் முடிவு செய்கிறது என்பதால் பேராசிரியருக்கு எழுதுவதால் பெரிதாக எதுவும் மாறாது. ஆனால் "இந்த வருடம் மாணவர் எடுக்கிறீர்களா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வது விண்ணப்பக் கட்டணத்தை மிச்சப்படுத்தும். ஐரோப்பாவில் மின்னஞ்சலுக்கு மதிப்பு அதிகம். ஐந்தாறு வரி போதும்: நீங்கள் யார், எதைப் படித்து முடித்திருக்கிறீர்கள், அவருடைய எந்தக் கட்டுரையை உண்மையிலேயே படித்தீர்கள், இடம் இருக்கிறதா.

எஸ்.ஓ.பி.யும் கடிதமும்

பாதி எஸ்.ஓ.பி.க்கள் "சிறுவயதிலிருந்தே அண்டத்தின் புதிர்கள் என்னை ஈர்த்தன" என்று தொடங்குகின்றன. உண்மையாகவே இருக்கலாம். ஆனால் படிப்பவருக்கு அதிலிருந்து எதுவும் தெரியவராது. இப்படி எழுதியிருந்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்: "இரு பரிமாண ஈசிங் மாதிரியை மான்டே கார்லோ முறையில் கணித்தேன். காந்த ஏற்புத்திறனின் உச்சம், நிலைமாற்ற வெப்பநிலையின் துல்லியமான விடையான 2.269இல் விழாமல் அதற்குச் சற்று மேலே விழுந்தது. முதலில் நிரலில் பிழை என்று தேடினேன். கட்டத்தின் அளவை 16, 32, 64 என்று இரட்டிப்பாக்கியபோது விலகலும் பாதி பாதியாகக் குறைந்தது. எல்லைக்குட்பட்ட அளவால் வரும் விலகல், தொடர்பு நீள அடுக்கு 1 என்பதைத்தான் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது என்று அப்போது புரிந்தது." காந்தத்தின் ஓர் எளிய மாதிரியைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் இது பெரிய ஆராய்ச்சி இல்லை, இளநிலை மாணவர் மடிக்கணினியில் செய்யக்கூடியது. ஆனால் ஒரு முடிவு எதிர்பார்த்தபடி வராதபோது இவர் என்ன செய்கிறார் என்பது அந்தச் சில வரிகளில் தெரிந்துவிடுகிறது. கோட்பாட்டுக் குழுவில் இருப்பவர் தேடுவது இதை.

பரிந்துரைக் கடிதத்துக்கும் அதே அளவுகோல்தான். பெரிய பெயர் எழுதும் மூன்று வரிக் கடிதத்தைவிட, உங்களோடு உட்கார்ந்து கணக்குப் போட்ட இளம் ஆசிரியர் எழுதும் ஒரு பக்கம் எடை கூடியது. "வகுப்பில் முதல் மாணவர்" என்பது மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கிறது. எங்கே மாட்டிக்கொண்டார், எப்படி வெளியே வந்தார் என்பதைக் கடிதம்தான் சொல்லமுடியும். ஐரோப்பியப் பணியிடங்களில் முதுகலை ஆய்வேட்டு நெறியாளரின் கடிதம் ஏறக்குறைய எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அதனால் அந்த வழியில் போகிறவருக்கு, ஆய்வேட்டை யாரிடம் செய்கிறோம் என்பதே பாதி விண்ணப்பம்.

யாருக்கு எது

இளநிலை முடித்திருக்கிறீர்கள், அடிப்படை பலமாக இருக்கிறது, எந்தப் பிரிவு என்று இன்னும் முடிவாகவில்லை என்றால் அமெரிக்க முறை. அதிலும் கோட்பாட்டுக் குழு ஒரே ஒருவரை நம்பி இல்லாமல், மூன்று நான்கு பேர் நிதியோடு இருக்கும் துறைகளாகத் தேர்ந்தெடுங்கள். பெயர்பெற்ற துறையில் ஒரே ஒரு விருப்பமான பேராசிரியர், அவரும் ஓய்வுபெறும் வயதில் என்றால் அதைவிட்டுவிடுவேன்.

முதுகலையின் நடுவில் இருக்கிறீர்கள், புலக் கோட்பாடு கைவசம் இருக்கிறது, ஆய்வேட்டில் ருசி கண்டுவிட்டீர்கள் என்றால் ஐரோப்பியப் பணியிடம். வேறு நாட்டில் முதுகலை முடித்தவர் அமெரிக்காவுக்குப் போனாலும் பல துறைகளில் முதல் வருடப் பாடங்களைத் திரும்பப் படிக்கச் சொல்வார்கள். தகுதித் தேர்வை முன்னதாகவே எழுதிப் பாடங்களைத் தாண்ட அனுமதிக்கும் துறைகளும் இருக்கின்றன, விசாரித்துக்கொள்ளுங்கள்.

திறமை இருக்கிறது, படித்த இடத்தில் பாடம் கிடைக்கவில்லை என்றால் ஒரு வருட முதுகலை. ஆனால் கடன் வாங்கி அதில் சேர்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பிஎச்.டி.க்கும் போஸ்ட்டாக்குக்கும் கிடைக்கும் தொகை, பெரிய கடனை அடைப்பதற்கானது இல்லை. உதவித்தொகையோடு கிடைத்தால் போங்கள். கிடைக்காவிட்டால் அதே ஒரு வருடத்தை, கட்டணம் குறைந்த நாட்டில் இரண்டு வருட முதுகலையின் தொடக்கமாக ஆக்கிக்கொள்வது மேல்.

இரண்டு வழிகளில் ஒரே சமயத்தில் விண்ணப்பிப்பதிலும் தவறில்லை. டிசம்பரில் அமெரிக்கா, அதோடு சேர்த்து ஐரோப்பிய முதுகலைகளும் பணியிடங்களும் என்று எட்டுப் பத்து விண்ணப்பம் போட்டவர்கள், மார்ச் மாதத்தில் நிம்மதியாக ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒரே ஒரு தொல்லை, பதில் சொல்லும் காலம் ஒத்துப்போகாது. நிதியுதவியோடு வரும் அனுமதிக்கு ஏப்ரல் 15க்கு முன்னால் பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்துவதில்லை என்று பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டிருக்கின்றன. ஐரோப்பியப் பணியிடத்துக்கு அது பொருந்தாது; அங்கே இரண்டு வாரம் தருவார்கள். அப்படி ஒரு நெருக்கடி வந்தால் இரண்டு பக்கமும் நிலைமையை அப்படியே எழுதிக் கேளுங்கள். கோட்பாட்டுக் குழுக்கள் சின்ன உலகம், அவர்களும் ஒருகாலத்தில் இதே நெருக்கடியில் இருந்தவர்கள், பெரும்பாலும் ஒரு வாரம் கூடுதலாகத் தருவார்கள். போகப்போவதில்லை என்று முடிவான இடத்துக்கு மட்டும் ஏப்ரல் 15 வரை காத்திருக்காமல் அன்றைக்கே எழுதிவிடுங்கள். அந்தக் குழுவில் அந்த வருடம் இருப்பது ஒரே இடமாக இருக்கலாம், காத்திருப்போர் பட்டியலில் யாரோ ஒருவர் அதற்காகத் தினமும் மின்னஞ்சலைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்.